ஏறாதவர்கள்

நியூயார்க், கோனி ஐலண்ட். சர்ஃப் அவென்யூவும் மேற்கு 10ஆம் தெருவும் சந்திக்கும் மூலை. ஜூன் மாத ஞாயிறு, வெயில் சற்றே சாய்ந்த நேரம். சைக்ளோன் என்ற பழைய ரோலர் கோஸ்டரின் வேலிக்கு இந்தப் பக்கம் நிற்பவர்களில் பாதிப் பேர் அடுத்தவர் சாமானைச் சுமந்துகொண்டு நிற்கிறார்கள். ஓர் அம்மாளின் தோளில் மூன்று பைகள், விரலிடுக்கில் இரண்டு தொப்பிகள், தலையில் அவர் வயதுக்குச் சற்றும் ஒட்டாத இளஞ்சிவப்புக் கண்ணாடி. பக்கத்தில் ஒரு நடுவயதுக்காரர் பாதி கடித்த ஹாட் டாக்கைக் காகிதத் தட்டோடு ஏந்தியிருக்கிறார். அது அவருடையதல்ல என்பது, உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்திருக்கும் விதத்திலேயே தெரிகிறது. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு சுற்றுமுற்றும் கண்ணோட்டிவிட்டு ஒரு கடி கடித்துக்கொண்டார்.

மேலே டக், டக், டக் என்று சத்தம். வண்டியை இழுக்கும் சங்கிலிதான் அப்படிக் கத்துகிறது என்று கீழே நிற்கும் தகப்பன் ஒருவர் பிள்ளைக்கு விளக்குகிறார். சங்கிலி இல்லை. வண்டியின் அடியில் ஓர் இரும்பு நாக்கு தொங்குகிறது. ஏற்றத்தில் பதித்திருக்கும் பல்வரிசைமேல் அது ஒவ்வொரு பல்லாகத் தாண்டி விழும் சத்தம் அது. சங்கிலி அறுந்தாலும் வண்டி பின்னோக்கி உருண்டு வந்துவிடாமல் நாக்கு பல்லில் மாட்டிக்கொள்ளும். காப்பாற்றும் சத்தத்தைக் கேட்டுத்தான் மேலே இருப்பவர்களுக்கு வயிறு கலங்குகிறது. 85 அடி உச்சிக்குப் போனதும் சத்தம் நிற்கிறது. கீழே நிற்பவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் தலையை நிமிர்த்தித் தங்கள் ஆளைத் தேடுகிறார்கள். 24 தலைகளில் எது யாருடையது என்று அந்த உயரத்தில் ஒன்றும் பிடிபடாது. ஆனாலும் கையாட்டுகிறார்கள். மேலிருந்து யாரும் பதிலுக்குக் கையாட்டுவதில்லை. அவர்களுடைய கைகளுக்கு வேறு வேலை இருக்கிறது.

பிறகு அந்த விழுகை. ஏறக்குறைய 60 டிகிரிச் சரிவு, அடியில் மணிக்கு 60 மைல் வேகம். மரப்பலகைகளை அடுக்கி அதன்மேல் இரும்புப் பட்டை வைத்த தண்டவாளம். வண்டி கடந்து போகும்போது தாங்கும் கட்டுமானமே ஒரு முறை உடம்பை முறுக்கிக்கொள்கிறது. 1927 ஜூன் 26 அன்று 25 சென்ட் கட்டணத்தில் திறந்தார்கள். இடிக்கப் பார்த்திருக்கிறார்கள், காப்பாற்றியிருக்கிறார்கள், 1988-இல் நகரத்தின் பாதுகாக்கப்பட்ட சின்னமாகவும் ஆக்கிவிட்டார்கள். வண்டி திரும்பி வரும் இடத்தில் ஒருவர் நெஞ்சுயர மர நெம்புகோலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பிரேக் அதுதான். வண்டி வரும் வேகத்தைக் காதாலும் கண்ணாலும் எடைபோட்டு, உடம்புப் பாரத்தை நெம்புகோல்மேல் சாய்க்கிறார். வண்டி மேடையில் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கிறது. வந்து நின்ற முகங்களை அவர் நிமிர்ந்தும் பார்ப்பதில்லை.

நான் அந்த முகங்களைப் பார்க்க வந்தவன். ஏற வரவில்லை. ஏன் ஏறவில்லை என்று யாரும் கேட்கவும் இல்லை. வேலியோரம் நிற்பவர்களுக்குள் அந்தக் கேள்வி கிடையாது.

ரோலர் கோஸ்டரின் சரித்திரம் எழுதுகிறவர்கள் உயரத்துக்கும் வேகத்துக்கும் சரிவுக்கும் கணக்கு வைக்கிறார்கள். வேலியோரக் கூட்டத்துக்கு யாரும் கணக்கு வைப்பதில்லை. காசு பண்ணத் தெரிந்த ஆட்களுக்கு மட்டும் இந்தக் கூட்டத்தின் அருமை தொடக்கத்திலேயே தெரிந்திருந்தது. ஏறுகிறவனிடம் ஒரு காசு வாங்கலாம், அவன் படும் பாட்டைப் பார்க்கிறவனிடமும் ஒரு காசு வாங்கலாம்.

அமெரிக்காவில் சரிவில் உருண்டு சுகம் கண்ட முதல் கூட்டத்தில் கோவேறு கழுதைகளைச் சேர்த்தாக வேண்டும். பென்சில்வேனியாவில் மாக் சங்க் என்ற ஊர். 1827-இல் அங்கே மலைச்சுரங்கத்து நிலக்கரியைக் கால்வாய்க்கு இறக்க ஒரு தண்டவாளம் போட்டார்கள். சரிவு சுமார் 9 மைல். கரி வண்டிகள் தம் பாரத்தாலேயே உருண்டு இறங்கும். காலி வண்டிகளை மேலே இழுத்து வரக் கோவேறு கழுதைகள். அவற்றையும் கீழே கொண்டுபோக வேண்டுமே என்று தனி வண்டியில் ஏற்றி, தின்னத் தீனியும் வைத்து அனுப்பினார்கள். சவாரி பழகிய பிறகு அவை மலையிறங்கி நடக்க மறுத்துவிட்டன. அடித்தாலும் நகரவில்லையாம். 1870களில் கரிக்கு வேறு வழி கிடைத்ததும் அதே தடத்தில் மனிதர்கள் காசு கொடுத்து ஏற வந்தார்கள். அந்த மலைத்தடம் 1930களில் பழைய இரும்பாக விலைபோகும்வரை வந்துகொண்டே இருந்தார்கள்.

இதோ இந்த சைக்ளோன் நிற்கும் இடத்தில்தான் 1884 ஜூனில் லமார்க்கஸ் தாம்சன் தன் ‘ஸ்விட்ச்பேக்’ ரயிலைத் திறந்தார். இண்டியானாவில் தையல் இல்லாத காலுறை செய்து பணம் சேர்த்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவர். கோனி ஐலண்டின் சாராயக் கடைகளிலிருந்தும் அதைவிட மோசமான இடங்களிலிருந்தும் வாலிபர்களை இழுத்து, யோக்கியமான சந்தோஷம் ஒன்றில் உட்கார வைக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். 50 அடிக் கோபுரம், 600 அடித் தடம், வேகம் மணிக்கு 6 மைல். ஓடுகிற மனிதன் அதை முந்திவிடலாம். பெஞ்சில் பக்கவாட்டாக உட்கார்ந்து, கடலை வேடிக்கை பார்த்துக்கொண்டே போக வேண்டும். அந்தக் கோடியில் இறங்கி, வண்டியை ஆட்கள் அடுத்த தண்டவாளத்துக்கு மாற்றும்வரை நின்று, மறுபடி ஏறித் திரும்ப வேண்டும். கட்டணம் 5 சென்ட். போட்ட முதல் மூன்றே வாரத்தில் திரும்பிவிட்டதாகச் சொல்வார்கள். சாராயக் கடைகளுக்கு இதனால் நஷ்டம் வந்ததாக மட்டும் யாரும் சொல்லவில்லை.

தாம்சனின் பயணி வெளியே பார்த்தான். பதினோரு வருடத்துக்குள் அந்த நிலைமை தலைகீழாகிவிட்டது, நிஜமாகவே தலைகீழாக. 1895-இல் பால் பாய்ட்டன் என்பவர் கோனி ஐலண்டில் ஓர் இடத்தைச் சுற்றி வேலி போட்டு, வாசலிலேயே காசு வாங்கும் ஸீ லயன் பார்க்கைத் திறந்தார். அதற்குள் ‘ஃப்ளிப் ஃப்ளாப்’ என்று ஒரு தடம். வண்டி 25 அடி விட்டமுள்ள வளையத்துக்குள் நுழைந்து, பயணியைத் தலைகீழாகக் கவிழ்த்து வெளியே விடும். வளையம் காம்பஸ் வைத்து வரைந்த சரியான வட்டம், வினையே அதுதான். நேர்கோட்டில் வேகமாக வந்தவன் ஒரு நொடியில் முழு வளைவுக்குள் அகப்பட்டுக்கொள்கிறான். உடம்பின் எடை பத்து மடங்குக்கு மேல் ஏறி, தலை மார்பை நோக்கி அமுங்குகிறது. கழுத்து சுளுக்கிக்கொண்டவர்கள் பலர். 1901-இல் எட்வின் பிரஸ்காட் ‘லூப் தி லூப்’ கட்டினார். இவர் வளையத்தை முட்டை வடிவத்துக்கு நீட்டினார். நுழையும்போது வளைவு மெல்ல இறுகும், கழுத்துக்கு அவ்வளவு மோசமில்லை. ஆனால் ஒரு வண்டியில் நான்கே பேர்தான் போக முடியும், அந்த நான்கு பேரும் லேசில் கிடைக்கவில்லை. கூட்டம் மட்டும் குறையவில்லை. அத்தனை பேரும் யாராவது ஏறுவானா என்று பார்க்க வந்தவர்கள். நிர்வாகம் அவர்களிடமே காசு வாங்கியது.

மேலே போனவன் அந்த வேகத்தில் என்னத்தைக் கண்டிருக்கப் போகிறான்? முழு வித்தையையும் கண்டவன் கீழே நின்றவன்தான்.

ஜார்ஜ் டில்யூ இதை எல்லோரையும்விட நன்றாகப் புரிந்துகொண்டவர். 1897-இல் அவர் திறந்த ஸ்டீபிள்சேஸ் பார்க்கில் தண்டவாளத்தில் ஓடும் மரக்குதிரைகள் பெரிய ஈர்ப்பு. குதிரையிலிருந்து இறங்குகிறவன் நேராக வீட்டுக்குப் போய்விட முடியாது. இருட்டான வழியில் குனிந்து வந்தால், திடீரென்று வெளிச்ச மேடையில் நிற்பான். எதிரே அரங்கு நிறையக் கூட்டம். தரைத் துளையிலிருந்து காற்று பீறிட்டுப் பெண்களின் பாவாடையைத் தூக்கும். குள்ள உருவமுள்ள கோமாளி ஒருவன் மின்சாரக் கோலால் ஆண்களைச் சுண்டுவான். கூட்டம் வயிறு குலுங்கச் சிரிக்கும். அவமானப்பட்டு மேடையை விட்டு இறங்கியவனுக்குப் போக்கிடம் எது? அதே அரங்கில் ஒரு நாற்காலி. அடுத்து வருகிறவனைப் பார்த்து அவனும் சிரிக்கலாம். இது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் இவ்வளவு கச்சிதமான இன்னொரு ஏற்பாட்டை இந்தத் தொழிலில் நான் கண்டதில்லை. 1907 ஜூலையில் அந்தப் பூங்கா தீப்பிடித்துச் சாம்பலானது. மறுநாளே டில்யூ வாசலில் பலகை வைத்தார்: எரியும் இடிபாடுகளைப் பார்க்கக் கட்டணம் 10 சென்ட்.

அந்தக் காலத்துக் கோனி ஐலண்டில் காட்டினால் விற்காதது என்று எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. லூனா பார்க் 1903-இல் இரண்டரை லட்சம் மின்விளக்கோடு திறந்தது. அதே வருடம் ஜனவரியில், அங்கே வேலை வாங்கிய டாப்ஸி என்ற யானையை அடங்கவில்லை என்று கொல்ல முடிவெடுத்து, அதற்கு டிக்கெட் போடத் திட்டமிட்டார்கள். மிருகவதைத் தடுப்புச் சங்கம் குறுக்கே வந்ததால் டிக்கெட் போயிற்று, சாவு போகவில்லை. பத்திரிகைக்காரர்கள் முன்னால் மின்சாரம் பாய்ச்சினார்கள். எடிசன் கம்பெனி படம் பிடித்தது.

அதே லூனா பார்க்கில் இன்னொரு காட்சிக்கூடம். கண்ணாடிப் பெட்டிக்குள் குறைமாதக் குழந்தைகள், உயிரோடு. மார்ட்டின் கூனி என்பவர் நடத்தியது. டாக்டர் என்றுதான் தன்னைச் சொல்லிக்கொண்டார், பட்டத்துக்கு இதுவரை ஆதாரம் அகப்படவில்லை. அமெரிக்க ஆஸ்பத்திரிகள் பலவற்றில் அப்போது இன்குபேட்டர் இல்லை. குறைமாதப் பிள்ளை பிழைக்காது என்று கைவிடுவதே வழக்கம். கூனி பெற்றோரிடம் ஒரு சென்ட்கூட வாங்கவில்லை. பார்க்க வந்தவர்களிடம் 25 சென்ட் வாங்கி, அந்தப் பணத்தில் நர்ஸ்களுக்குச் சம்பளம் கொடுத்து, ரோலர் கோஸ்டர் அலறல்களுக்கு நடுவே 1903 முதல் 1943 வரை அந்தப் பிள்ளைகளைக் காப்பாற்றினார். சுமார் 6,500 குழந்தைகள் என்பது அவர் தரப்புக் கணக்கு. வேடிக்கை பார்க்கிறவனைச் சாடி எழுத உட்காரும்போதெல்லாம் இந்தக் கண்ணாடிப் பெட்டிகள் குறுக்கே வந்து நிற்கின்றன. பக்கத்து ட்ரீம்லேண்ட் பூங்கா 1911 மே மாதம் எரிந்தபோதும் அங்கே இருந்த குறைமாதப் பிள்ளைகளைப் பத்திரமாக வெளியே எடுத்துவிட்டார்கள். அந்தத் தீ பற்றிய இடத்தின் பெயர் ‘நரக வாசல்’. படகு சவாரி அது. ராத்திரி ஒழுக்கு அடைத்துக்கொண்டிருந்தார்கள். விளக்கு அணைந்த நேரத்தில் கொதிக்கும் தார் வாளி கவிழ்ந்தது.

ஏறாமல் பார்த்தவர்களில் நமக்குத் தெரிந்த முகமும் ஒன்று உண்டு. மாக்சிம் கார்க்கி 1906-இல் அமெரிக்கா வந்தார். அந்தக் கோடையில்தான் நியூயார்க் மாநிலத்து மலைப்பகுதியில் தங்கி ‘தாய்’ நாவலின் பெரும்பகுதியை எழுதினார். கோனி ஐலண்டுக்கும் போனார். தூரத்தில், இரவில், கடல்மேல் எழும் விளக்கு நகரத்தைக் கண்டு மயங்கியவர், உள்ளே போனதும் முகம் சுளித்துவிட்டார். உழைக்கிற ஜனங்களை அடிமைப்படுத்தும் சலிப்பு என்று கடுமையாக எழுதினார். வாரத்தில் ஆறு நாள் தையல் மிஷினில் குனிந்து கிடந்த ஒரு பெண், ஏழாம் நாள் தலைமுடி அவிழ்ந்து பறக்கக் கூச்சலிட்டால் அதில் என்ன அடிமைத்தனம் என்பது எனக்கு விளங்கவில்லை. பெரியவர் ஒரு முறை ஏறிப் பார்த்திருக்கலாம். இதைச் சொல்கிற எனக்கும் அந்த யோக்கியதை இல்லைதான்.

வரிசையின் தலைப்பில் இப்போது ஒரு சின்னப் பஞ்சாயத்து. உயரம் பார்க்கும் பலகை முன்னால் ஒரு பையன் நிற்கிறான். கோட்டுக்கும் தலைக்கும் நடுவே இரண்டு விரற்கடை இடைவெளி. தகப்பன் அவன் முடியைக் கோதிக் கோதி மேலே தூக்கி நிறுத்துகிறார். பையன் மெல்லக் குதிகாலை எழுப்புகிறான். சிப்பந்திப் பெண் வாயைத் திறக்கவில்லை. ஆட்காட்டி விரலால் அவன் செருப்பைக் காட்டினாள். குதிகால் இறங்கிற்று. தகப்பன் ஏதோ வாதாடத் தொடங்க, அவள் பலகையைக் காட்டினாள். மறுபடி வாதாட, மறுபடி பலகை. கடைசியில் தகப்பன் மட்டும் ஏறினார். பையன் வேலியோரம் வந்து, தன் தகப்பன் எங்கே விழப்போகிறார் என்று கம்பிக்குள் மூக்கை நுழைத்துப் பார்க்கிறான்.

தகப்பன் விழமாட்டார். அதற்குக் காரணமான ஆசாமியின் பெயர் ஜான் மில்லர். முந்தைய தடங்களில் வண்டி தண்டவாளத்தின்மேல் சும்மா உட்கார்ந்திருக்கும். இரு பக்கமும் பலகைத் தடுப்பு, அவ்வளவுதான். மேட்டைத் தாண்டும்போது வேகம் கூடினால் வண்டி எழும்பிப் போய்விடும் என்பதால் சரிவுகளைத் தாழ்வாகவே வைத்தார்கள். பென்சில்வேனியாவின் ஆல்ட்டூனாவில் 1902-இல் கட்டிய ‘லீப் தி டிப்ஸ்’ அந்த ஜாதி. உலகில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய ரோலர் கோஸ்டர் அது. மொத்த உயரம் 41 அடி, ஆனால் ஒரே வீச்சில் இறங்குவது 9 அடிதான். மில்லர் 1919-இல் காப்புரிமை பெற்ற ஏற்பாட்டில், தண்டவாளத்துக்கு அடியிலும் ஒரு சக்கரம் வந்தது. வண்டி மேலே எழும்ப நினைத்தால் அடிச்சக்கரம் பிடித்துக்கொள்ளும். வண்டி எழும்பாது. உள்ளே இருக்கிறவன் எழும்புவான். இருக்கைக்கும் அவனுக்கும் நடுவே வெளிச்சம் தெரியும் அந்த அரை நொடிக்காகத்தான் இன்றுவரை ஜனங்கள் வரிசையில் நிற்கிறார்கள். அடிச்சக்கரம் வந்தபின் சரிவுகளுக்கு வெறிபிடித்துவிட்டது. 1920களின் கடைசியில் அமெரிக்காவில் 1,500க்கும் மேற்பட்ட ரோலர் கோஸ்டர்கள் இருந்ததாகக் கணக்கு.

அந்த வெறியின் எல்லை பஃபலோ நகரத்துக்கு எதிர்க்கரையில், கனடாவின் கிரிஸ்டல் பீச்சில் நின்றது. ஹாரி ட்ரேவர் 1927-இல் கட்டிய அதற்கும் சைக்ளோன் என்றே பெயர். நேராகப் போகும் தடம் என்று அதில் பேருக்குத்தான் இருந்தது. மேடையில் முழுநேரமும் ஒரு நர்ஸை நிறுத்தி வைத்தார்கள். பூங்காவுக்கு அது நல்ல விளம்பரமும் ஆயிற்று. திறந்த நாளன்று 75,000 பேர் திரண்டார்கள், சுமார் 5,000 பேர்தான் ஏறினார்கள் என்பது அந்நாளையக் கணக்கு. கூட்டம் நெருக்கியதில் கைப்பிடிச் சுவர் உடைந்தது. மிச்சம் 70,000 பேர் என்ன பார்த்தார்கள் என்று கேட்க வேண்டியதில்லை. பராமரிப்புச் செலவு கட்டாமல் 1946-இல் அதைப் பிரித்தார்கள். அந்த இரும்பில் கொஞ்சம் ‘காமெட்’ என்ற வேறொரு தடத்துக்குள் போய், இடம் மாறி, நியூயார்க் மாநிலத்தில் லேக் ஜார்ஜ் பக்கம் இன்றும் ஓடுகிறது.

ஏறாதவர்களில் இன்னொரு வகை உண்டு. அவர்கள் வேலியோரம்கூட நிற்க முடியாதவர்கள்.

அமெரிக்காவின் பழைய கேளிக்கைப் பூங்காக்களில் பல, டிராம் கம்பெனிகள் வைத்தவை. மின்சாரத்துக்கு மாதாமாதம் ஒரே கட்டணம் கட்டிவிட்டு, சனி ஞாயிறுகளில் வண்டி காலியாக ஓடினால் யாருக்கு நஷ்டம்? பாதையின் கடைசி நிறுத்தத்தில் ஒரு பூங்காவைப் போட்டால் ஜனங்கள் டிராமில் வருவார்கள். பிட்ஸ்பர்க் அருகே 1898-இல் வந்த கென்னிவுட் அப்படித்தான் பிறந்தது, இன்றும் நடக்கிறது. இந்தப் பூங்காக்களைப் பற்றி எழுதுகிறவர்கள் ஊரே கூடிய இடம் என்று உருகுவார்கள். ஊர் என்றால் எந்த ஊர்? பெரும்பாலான பூங்காக்களில் கறுப்பின மக்களுக்கு இடமில்லை. சில இடங்களில் அடியோடு இல்லை. சில இடங்களில் வருடத்தில் ஏதோ சில நாள் மட்டும். டிராம் அவர்கள் தெரு வழியாகத்தான் போகும், ராத்திரியில் விளக்கும் தெரியும்.

வாஷிங்டனை ஒட்டி, மேரிலாந்தில் க்ளென் எக்கோ பார்க். 1960 ஜூன் 30 அன்று ஹோவர்ட் பல்கலைக்கழக மாணவர்கள் சிலர் உள்ளே போய்க் குடை ராட்டினத்து மிருகங்கள்மேல் ஏறி உட்கார்ந்தார்கள். கையில் டிக்கெட் இருந்தது. வெள்ளைக்கார நண்பர்கள் வாங்கிக் கொடுத்தது. ராட்டினம் சுற்றவில்லை. காவலாளி வந்து, எழுந்து போகச் சொன்னார். போகவில்லை. ஐந்து பேரைக் கைது செய்தார்கள். அலங்காரம் பண்ணிய மரமிருகங்கள் அசையாமல் நிற்க, மேலே வளர்ந்த பிள்ளைகள் அசையாமல் உட்கார்ந்திருந்த அந்தக் கொஞ்ச நேரத்தை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். இந்தச் சரித்திரம் முழுக்க எல்லோரும் ஓடிக்கொண்டும் விழுந்துகொண்டும் அலறிக்கொண்டும் இருக்கிறார்கள். கேளிக்கைப் பூங்காவில் நடந்த பெரிய காரியங்களில் ஒன்று, சும்மா உட்கார்ந்திருந்தது. கோடை முழுவதும் வாசலில் மறியல் நடந்தது. அக்கம்பக்கத்து வெள்ளைக்காரக் குடும்பங்களும் சேர்ந்துகொண்டன. 1961-இல் பூங்கா எல்லோருக்கும் திறந்தது. வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போய், 1964-இல் கைதானவர்களின் தண்டனையை ரத்துசெய்து தீர்ப்பு வந்தது. அந்தக் குடை ராட்டினம் அதே இடத்தில் இன்னும் சுற்றுகிறது.

பால்டிமோரை ஒட்டிய க்வின் ஓக் பார்க்கில் 1963 ஜூலை 4, சுதந்திர தினத்தன்று, மறியல் செய்த நூற்றுக்கணக்கானவர்களைக் கூண்டோடு கைது செய்தார்கள். பாதிரியார்களும் அதில் அடக்கம். அங்கே கதவு திறந்தது ஆகஸ்ட் 28 அன்று. வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங் லட்சக்கணக்கானோர் முன்னால் பேசிய அதே நாள். முதலில் ராட்டினக் குதிரையில் ஏறியது 11 மாதக் கறுப்பினப் பெண் குழந்தை. தகப்பன் பக்கத்தில் நின்று பிடித்துக்கொண்டார். அந்தக் குழந்தைக்கு அது ராட்டினம் என்றுகூடத் தெரிந்திருக்காது. கிங்கும் அதே வருடம் பர்மிங்ஹாம் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தில் இந்த வேதனையைத் தொடுகிறார். ஃபன்டவுன் பூங்காவின் விளம்பரத்தை டிவியில் பார்த்த ஆறு வயது மகளுக்கு, அங்கே ஏன் போக முடியாது என்று எப்படிச் சொல்வது?

கதவு திறந்த பிறகு பல ஊர்களில் வெள்ளைக்காரக் குடும்பங்கள் வருவதை நிறுத்திக்கொண்டன. பூங்காக்கள் மூடின. இது மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. அதற்கு முன்பே பொருளாதார மந்தம் வந்துவிட்டது, போர் வந்துவிட்டது, கார் வந்துவிட்டது, டிவியும் வந்துவிட்டது. 1960 வாக்கில் மிஞ்சிய ரோலர் கோஸ்டர்கள் 200 அளவுதான். கோனி ஐலண்டில் ஸ்டீபிள்சேஸ் 1964-இல் மூடியது. இடத்தை வாங்கியவர் ஃப்ரெட் டிரம்ப். பின்னாளில் ஜனாதிபதியான டிரம்பின் அப்பா. 1966-இல் இடிப்பதற்கும் ஒரு விருந்து வைத்தார். வந்தவர்கள் செங்கல்லை எடுத்து அந்தக் கண்ணாடி மாளிகை முகப்பின்மேல் எறியலாம். டில்யூ இருந்திருந்தால் செங்கல்லுக்குக் காசு வாங்கியிருப்பார். கொஞ்சம் தள்ளி ‘தண்டர்போல்ட்’ இருந்தது. 1925-இல் கட்டியது, அதன் இரும்புக் கால்களுக்கு நடுவே ஒரு குடியிருப்பு வீடு. வுடி ஆலனின் ‘ஆனி ஹால்’ படத்தில் பார்க்கலாம். அதில் நிஜமாகவே ஒரு ஜோடி வருடக்கணக்கில் குடியிருந்தது. வண்டி கூரைக்கு மேல் ஓடும்போது அலமாரிச் சாமான் எல்லாம் ஆடும். 2000 நவம்பரில் ஒரு விடியற்காலையில் நகராட்சி அதையும் இடித்துத் தள்ளியது.

மற்ற கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1955-இல் டிஸ்னிலேண்ட், 1959-இல் அங்கே மாட்டர்ஹார்ன், குழாய் இரும்புத் தண்டவாளத்தில் ஓடிய முதல் வண்டி. மரம் வளையாத கோணத்துக்கெல்லாம் குழாயை வளைக்கலாம். 1972-இல் ஒஹையோவின் கிங்ஸ் ஐலண்டில் வந்த ‘ரேஸர்’ மரத்தடங்களுக்கும் உயிர் கொடுத்தது. தலைகீழ் வளையம் 1976-இல் கலிஃபோர்னியாவில் திரும்பி வந்தது. இந்த முறை கண்ணீர்த்துளி வடிவம், கழுத்துக்குச் சேதமில்லை. பிறகு வெறும் உயரப் போட்டி. 200 அடி, 300 அடி, 400 அடி. நியூஜெர்சியில் 2005-இல் வந்த ‘கிங்டா கா’ 456 அடி, மணிக்கு 128 மைல். மொத்த சவாரியும் ஒரு நிமிடம்கூட இல்லை. 2025 பிப்ரவரியில் அதை வெடி வைத்துத் தகர்த்தார்கள். ஏறியவர்களைவிட அது விழுந்ததை வீடியோவில் பார்த்தவர்கள் அதிகம் இருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

சைக்ளோன் மேடையில் இப்போது ஓர் அக்காவும் தம்பியும் சண்டை. அவன் முன் வரிசையில் உட்கார வேண்டும் என்கிறான். அவள் கடைசி வரிசை என்கிறாள்.

“முன்னாடிதான் எல்லாம் தெரியும்!”

“தெரிஞ்சு என்ன பண்ணப் போற?”

அவள் பேச்சில் விஷயம் இருக்கிறது. முதல் பெட்டி உச்சியைத் தாண்டியதும் உடனே விழுந்துவிடாது. பின்னால் இருக்கும் பெட்டிகள் மேலேறி வரும்வரை தொங்கிக்கொண்டு காத்திருக்கும். கடைசிப் பெட்டி உச்சிக்கு வரும்போது முன்னால் இருப்பவை எல்லாம் விழுந்துகொண்டிருக்கும். அதைச் சங்கிலி இழுப்பதில்லை, மற்றவர்களின் விழுகை இழுக்கிறது. மேட்டைத் தாண்டும் முன்பே ஆள் இருக்கையில் இல்லை.

சிப்பந்திப் பெண் அவர்களைப் பார்த்துக் கேட்டாள். “ரெண்டு பேரும் ஒண்ணாவா, தனித்தனியாவா?”

“தனித்தனியா.”

“முன்னாடி இப்பவே போகலாம். பின்னாடிக்கு இன்னும் ரெண்டு வண்டி போகணும்.”

தம்பி ஓடிப்போய் முன்னால் ஏறினான். இருக்கையில் பாதி காலி; யாரோ தெரியாத பெரியவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அக்கா வரிசையில் நின்றபடி அவனைப் பார்க்காதது மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டி போயிற்று, டக் டக் என்றது, விழுந்தது, வளைந்து வளைந்து இரண்டு நிமிடத்துக்குள் திரும்பி வந்தது. பிரேக்காரர் சாய்ந்தார். தம்பி இறங்கி, படியைச் சுற்றிக்கொண்டு வந்து, கடைசிப் பெட்டிக்கான வரிசையில் அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டான்.

“எப்படி இருந்துச்சு?” என்றாள் திரும்பாமலேயே.

“தள்ளி நில்லு, எனக்கும் இடம் விடு.”